ரைசன் 5 5600: ஒன்றரை வருஷம் ஓட்டுனதுக்கப்புறம், பயாஸ் செட்டிங்ஸோட சேத்து ஒரு ரிவ்யூ

வாங்குன முதல் மாசமே ஏஎம்டியோட இந்த ரைசன் 5 5600 ப்ராசஸருக்கு ரிவ்யூ எழுதியிருந்தேன்னா ரெண்டு ஸ்டாருக்கு மேல குடுத்திருக்க மாட்டேன். இப்ப நாலரை குடுக்குறேன். நடுவுல ப்ராசஸர் மாறல, அதச் சுத்தி இருந்த செட்டிங்ஸ் தான் மாறுச்சு. அதனால இந்த ரிவ்யூல பாதி ப்ராசஸர பத்தி, மீதி பாதி பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடுற மதர்போர்டு சாஃப்ட்வேர்ல, எத தொடணும் எத தொடவே கூடாதுங்கறத பத்தி. கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஆனா இதே ப்ராசஸர வச்சுக்கிட்டு "காசு வேஸ்ட் ஆயிருச்சோ"ன்னு யோசிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்கன்னு தெரியும், அவங்களுக்காகவே எழுதுறேன்.

என் செட்டப் சொல்லிடுறேன். 2019-ல வாங்குன பி450 மதர்போர்டு, அதுல ரைசன் 5 2600 போட்டிருந்தேன், 8 ஜிபி ரேம் ஒத்தை ஸ்டிக். கிராபிக்ஸ் கார்டு அப்புறமா மாத்துனது, ரேடியான் ஆர்எக்ஸ் 6600. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், 1080பி. மதுரைல மொட்டை மாடிய ஒட்டி இருக்குற ரூம், ஏசி கெடையாது, ஏப்ரல் மே மாசத்துல ராத்திரி பத்து மணிக்கும் ரூமுக்குள்ள 35, 36 டிகிரி நிக்கும். இத ஏன் சொல்றேன்னா, வெளிநாட்டுக்காரங்க 21 டிகிரி ரூம்ல டெஸ்ட் பண்ணி வீடியோ போடுற டெம்பரேச்சர பாத்துட்டு நாம கூலர் முடிவு பண்ணக் கூடாது, அது நம்ம ஊருக்கு சரிப்பட்டு வராது.

2600 நல்லாத்தான் உழைச்சுது, ஆனா கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தப்புறம், அதாவது 2023 செப்டம்பருக்கு அப்புறம், முக்கியமான நேரத்துல ஸ்மோக் அடிச்சு ரெண்டு பேர் சேந்து சுட்டா ப்ரேம் அப்படியே விழும். ப்ராசஸர மாட்டுற ஏஎம்4 சாக்கெட்ல இருக்குற நல்ல விஷயமே இதான், 2017-ல முதல் ரைசன் வந்த சாக்கெட்லயே 2022-ல வந்த 5600-ஐயும் போடலாம், போர்டு மாத்த வேண்டாம், பயாஸ் அப்டேட் மட்டும் போதும். 2023 கடைசில பன்னெண்டாயிரம் சொச்சத்துக்கு ப்ராசஸர், கூடவே டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி ரெண்டு ஸ்டிக், எல்லாத்தையும் ஒரே கடைல வாங்கி அங்கயே மாத்திக் குடுக்கச் சொன்னேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரைசன் 5 5500, ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 5600, இந்த மூணையும் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, அஞ்சாயிரம் சீரிஸ் தான்"னு சொல்லி விப்பாங்க. ஒண்ணு இல்ல. 5600-ல எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்குற சின்ன வேக மெமரி, 32 எம்பி, மத்த ரெண்டுலயும் 16 எம்பி தான். கிராபிக்ஸ் கார்டு மாட்டுற பிசிஐஇ பாதை 5600-ல 4.0, மத்த ரெண்டுலயும் 3.0 தான். கேமிங்ல கேஷ் ரொம்ப முக்கியம், ஏன்னா கேம் திரும்பத் திரும்ப கேக்குற டேட்டா கேஷ்ல இல்லன்னா ரேம் வரைக்கும் போய் எடுத்துட்டு வரணும், அந்தப் போற வர்ற நேரம் தான் நமக்கு ஸ்டட்டரா, திக்கித் திக்கி ஓடுற மாதிரி தெரியும். கிராபிக்ஸ் கார்டே வாங்க முடியாது, ப்ராசஸருக்குள்ள இருக்குற கிராபிக்ஸ்லயே ஓட்டணும்னா 5600ஜி சரி. தனியா கார்டு இருக்குன்னா 5600 தான்.

இப்ப கதைக்கு வரேன். கடைல மாத்தி வீட்டுக்கு கொண்டுவந்து ஆன் பண்ணுனா, 2600-க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே தெரியல. கவுன்டர் ஸ்ட்ரைக்ல சராசரி 170 சொச்சம் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு இத்தனை ப்ரேம்னு கணக்கு), ஆனா ஒன் பர்சென்ட் லோ 60-க்கும் கீழ. ஒன் பர்சென்ட் லோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, மொத்தமா ஓடுன ப்ரேம்ல ரொம்ப லேட்டா வந்த 1 சதவீத ப்ரேம மட்டும் எடுத்து கணக்கு போடுற எஃப்பிஎஸ். நம்ம கண்ணுக்கும் கைக்கும் உறுத்துறது அந்த நம்பர் தான், சராசரி இல்ல. 170-ல ஓடிக்கிட்டிருக்குறது ஒரு நொடி 55-க்கு விழுந்தா எதிர்ல இருக்குறவன் நம்மள சுட்டு முடிச்சிருப்பான். இந்த ரிவ்யூ முழுக்க நான் அந்த நம்பர தான் பாக்கப் போறேன், நீங்களும் எந்த செட்டிங் மாத்துனாலும் அதையே பாருங்க. கேப்ஃப்ரேம்எக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது, ஒரே மேப், ஒரே வழி, மூணு தடவ ஓட்டி ரெக்கார்ட் பண்ணுனா போதும்.

ஒரு வாரம் ப்ராசஸர திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் என் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்தவன் டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்த தொறந்து பாத்துட்டு, "அண்ணே, என்னண்ணே ரேம் 2400-ல ஓடுது, 3200 தானே வாங்குனீங்க"ன்னு கேட்டான். கேபினெட் சைடு கண்ணாடிய கழட்டி பாத்தா ரெண்டு ஸ்டிக்கையும் பக்கத்து பக்கத்துல, ப்ராசஸருக்கு கிட்ட இருக்குற முதல் ரெண்டு ஸ்லாட்ல சொருகியிருக்காங்க. நாலு ஸ்லாட் இருக்குற போர்டுல பொதுவா ப்ராசஸர்லருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போட்டாதான் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்குற ரெண்டு சேனலும் வேலை செய்யும், பக்கத்து பக்கத்துல போட்டா ரெண்டு ஸ்டிக் இருந்தும் ஒத்தை சேனல் தான். ஆக வேகமும் கம்மி, பாதையும் பாதி. கடைக்கு போன் பண்ணி "அண்ணே, எக்ஸ்எம்பி ஆன் பண்ணலயா"ன்னு கேட்டேன், "அதெல்லாம் தேவையில்ல தம்பி, போர்டே எடுத்துக்கும்"னாரு. போர்டு எடுத்துக்காது. இத தெளிவா சொல்றேன், ரேம் பாக்கெட்ல 3200ன்னு போட்டிருந்தாலும் பயாஸ்ல நாம போய் அந்த எக்ஸ்எம்பி ஆப்ஷன ஆன் பண்ற வரைக்கும் அது பெரும்பாலும் 2133, 2400, இல்லன்னா 2666-ல தான் ஓடும், ஸ்டிக்க பொறுத்து. அந்த ஆப்ஷனுக்கு ஒவ்வொரு போர்டுலயும் ஒவ்வொரு பேரு, எக்ஸ்எம்பின்னு இருக்கும், ஏசுஸ் போர்டுல டிஓசிபின்னு இருக்கும், எம்எஸ்ஐ-ல ஏ-எக்ஸ்எம்பின்னு இருக்கும், எல்லாம் ஒரே வேலை தான்.

ரைசன்ல இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, ப்ராசஸருக்குள்ள கோர் இருக்குற சிப்பையும் மெமரி கன்ட்ரோலர் இருக்குற சிப்பையும் சேக்குற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்ங்கற பாதையோட வேகம் ரேம் வேகத்தோட சேந்தே ஓடுது. 3200 ரேம்னா நெஜமான க்ளாக் 1600, ஃபேப்ரிக்கும் 1600. ரேம் 2400-ல இருந்தா ஃபேப்ரிக்கும் 1200-ல நிக்கும். அதாவது ரேம் மட்டும் ஸ்லோ இல்ல, ப்ராசஸருக்குள்ள இருக்குற ரோடே குறுகிப்போகுது. 3600 வரைக்கும், அதாவது ஃபேப்ரிக் 1800 வரைக்கும், பெரும்பாலான 5600 தாங்கும். அதுக்கு மேல போகப் போக சிப்ப பொறுத்து தகராறு பண்ண ஆரம்பிக்கும், ரொம்ப மேல போனா ரேமும் ஃபேப்ரிக்கும் ஒண்ணுக்கொண்ணு சேராம பிரிஞ்சு ஓடும், அப்ப நம்பர் பெருசா தெரிஞ்சாலும் கேம்ல நஷ்டம் தான். என்கிட்ட 3200 ஸ்டிக் தான், அத அப்படியே விட்டுட்டேன்.

ஸ்டிக்க மாத்தி சொருகி எக்ஸ்எம்பி ஆன் பண்ணது, மொத்தம் பத்து நிமிஷ வேலை. கவுன்டர் ஸ்ட்ரைக்ல சராசரி 240 பக்கத்துல வந்துருச்சு, ஒன் பர்சென்ட் லோ 105. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளையாடுனேன், அவ்வளவு சந்தோஷம். இதுக்கு அப்புறம் நான் சொல்லப்போற எல்லா செட்டிங்கும் சேந்தாலும் இந்த ஒரு மாத்தத்துல பாதி கூட வராது, அத மொதல்லயே சொல்லிடுறேன். அதனால ஓவர்க்ளாக் வீடியோ பாக்குறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர தொறந்து ரேம் ஸ்பீட பாருங்க, அப்புறம் சிபியு-இசட்ங்கற சாஃப்ட்வேர்ல சேனல் டூயலா இருக்கான்னு பாருங்க.

ரெண்டாவது பிரச்சனை வேற மாதிரி. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ, கேம் ஓடும்போது மட்டும் இல்ல, சும்மா பாட்டு கேக்கும்போது கூட, மவுஸ் அப்படியே நின்னுரும், சத்தம் கரகரன்னு இழுக்கும், ஒரு ரெண்டு செகண்ட்ல சரியாயிரும். ஹார்டு டிஸ்க்கா, டிரைவரான்னு நிறைய அலைஞ்சேன். விஷயம் எஃப்டிபிஎம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம்ங்கற பாதுகாப்பு வசதி வேணும்ல, ரைசன்ல அது ப்ராசஸர் ஃபர்ம்வேர்லயே இருக்கு, அது அப்பப்ப போர்டுல இருக்குற ஃப்ளாஷ் சிப்ப போய் தொடுது, தொடுற நேரத்துல சிஸ்டம் நிக்குது. இத ஏஎம்டியே 2022 மார்ச்ல ஒத்துக்கிட்டு, பயாஸுக்குள்ள ஏஎம்டி குடுக்குற ஏஜெசா கோடோட 1.2.0.7 வெர்ஷன் இருக்குற பயாஸ்ல சரி பண்ணிட்டோம்னு சொல்லி மே மாசத்துலருந்து போர்டு கம்பெனிகள் மூலமா குடுத்தாங்க. என் கடைல பென்ட்ரைவ்ல வச்சிருந்த ஏதோ பழைய பயாஸ் ஃபைல போட்டு விட்டிருக்காங்க, 5600 ஏறுனா போதும்னு விட்டுட்டாங்க. சிலர் எஃப்டிபிஎம்ம ஆஃப் பண்ணிருங்கன்னு சொல்லுவாங்க, ஆனா விண்டோஸ் 11-ல வாலரன்ட் விளையாடுறவங்களுக்கு அது முடியாது, டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாம அந்த கேம் தொறக்காது. ஒழுங்கா புது பயாஸ் போடுறது தான் வழி.

பயாஸ் அப்டேட் பத்தி பயப்படுறவங்களுக்கு. பயப்பட வேண்டிய ஒரே விஷயம் கரண்ட். நம்ம ஊர்ல எப்ப போகும்னு சொல்ல முடியாது, பாதில போச்சுன்னா போர்டு செத்துரும், பென்ட்ரைவ்லருந்தே பயாஸ திரும்ப ஏத்துற பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் மாதிரி வசதி இருக்குற போர்டுன்னா தப்பிக்கலாம். நான் மாமா வீட்லருந்து யூபிஎஸ் வாங்கிட்டு வந்து அதுல மாட்டித்தான் பண்ணுனேன். அப்புறம், ப்ராசஸர் மாத்தினாலோ பயாஸ் மாத்தினாலோ சில நேரம் ஸ்க்ரீன்ல எஃப்டிபிஎம்ம ரீசெட் பண்ணவான்னு Y இல்லன்னா N அழுத்தச் சொல்லி கேக்கும், அவசரத்துல Y அழுத்திராதீங்க, விண்டோஸ்ல டிஸ்க்க பூட்டி வைக்குற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெகவரி கீ இல்லாம உங்க ஃபைல் எதையும் தொறக்க முடியாது. சில லேப்டாப்லயும் புது விண்டோஸ்லயும் நமக்கே தெரியாம அது ஆன் ஆயிருக்கும். மொதல்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல போய் கீய பாத்து எழுதி வச்சுக்கோங்க.

புது பயாஸ் போட்டதும் அந்த நின்னு நின்னு போறது அடியோட போயிருச்சு. பயாஸ்க்குள்ள இருக்கும்போதே அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் ரெண்டையும் ஆன் பண்ணிட்டேன், கிராபிக்ஸ் கார்டோட மொத்த மெமரியையும் ப்ராசஸர் நேரா தொட இது வழி விடும், ரேடியான் கார்டுக்கு நல்லா உதவும், ஆனா பழைய பாணி பூட்டுக்கான சிஎஸ்எம் ஆஃப்ல இருக்கணும், டிஸ்க் ஜிபிடிங்கற புது பார்டிஷன் முறைல இருக்கணும், பழைய எம்பிஆர்ல விண்டோஸ் போட்டவங்க அத மாத்தாம சிஎஸ்எம்ம ஆஃப் பண்ணா பூட் ஆகாது.

சரி, கூலர். டப்பாவோட வர்ற ரெய்த் ஸ்டெல்த்த குறை சொல்ல மாட்டேன், 65 வாட் ப்ராசஸருக்கு அது போதும்னு குளிர் ஊர்க்காரன் சொன்னா அவனுக்கு உண்மை. 65 வாட்ங்கறது பேருக்குத்தான், சாக்கெட்டுக்கு போற பவர் லிமிட் 76 வாட். சித்திரைத் திருவிழா சமயத்துல என் ரூம்ல கேம் ஓடும்போது 82, 84 டிகிரி, எல்லா கோரையும் முழுசா உழைக்க வைக்குற சினிபெஞ்ச் டெஸ்ட் ஓட்டுனா 90-ல போய் முட்டிக்கும். இந்த ப்ராசஸரோட எல்லையே 90 டிகிரி தான், அங்க போனதும் அதுவே க்ளாக்க கொறைச்சுக்கும். உடைஞ்சு போகாது, ஆனா காசு குடுத்து வாங்குன வேகம் வெயில்ல கரையுது. ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு சிங்கிள் டவர் கூலர் வாங்கிப் போட்டேன், கேம்ல 68லருந்து 72-க்குள்ள நிக்குது, முக்கியமா அந்த ஃபேன் சத்தம் போயிருச்சு.

கூலர் மாத்தும்போது ஒரு விஷயம் கட்டாயம் ஞாபகம் வச்சுக்கணும். ஏஎம்4-ல பின்னு ப்ராசஸர்ல தான் இருக்கு, சாக்கெட்ல இல்ல. தெர்மல் பேஸ்ட் காஞ்சு ஒட்டியிருக்கும்போது கூலர நேரா மேல இழுத்தா லாக் போட்டிருந்தாலும் ப்ராசஸர் அப்படியே பிடுங்கிட்டு வந்துரும். சித்தப்பா பையனுக்கு அப்படித்தான் ஆச்சு, நாலு பின் வளைஞ்சிருச்சு, மைக்ரோ டிப் பென்சில்ல லெட்ட எடுத்துட்டு அந்த ஓட்டைக்குள்ள ஒவ்வொரு பின்னா விட்டு நிமித்துனான், அந்த ஒரு மணி நேரம் யாரும் பேசல. பத்து நிமிஷம் கேம் ஓட்டி ப்ராசஸர சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, ஸ்க்ரூ கழட்டி, கூலர இடதும் வலதும் மெதுவா திருகி அப்புறம் தூக்குங்க.

இப்ப எல்லாரும் கேக்குற பிபிஓ, அதாவது ப்ராசஸர் தானா ஏத்திக்குற வேகத்த இன்னும் மேல போக விடுற ப்ரெசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ். பயாஸ்ல அட்வான்ஸ்டுக்குள்ள ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங்னு ஒரு மெனு, உள்ள போனா ஒரு எச்சரிக்கை வரும், அத ஒத்துக்கிட்டா தான் தொறக்கும். அந்த எச்சரிக்கைய படிங்க, பிபிஓவும் ஓவர்க்ளாக்கிங் கணக்குல தான் வருது, அதனால கெட்டுப்போனா வாரன்டி செல்லாதுன்னு ஏஎம்டி எழுதியே வச்சிருக்கு. மூணு வருஷ வாரன்டி முக்கியம்னு நெனைக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கலாம், நிறுத்துனாலும் பெருசா எதையும் இழக்க மாட்டீங்க.

நான் பண்ணது இது. பவர் லிமிட்ட தூக்கி விடல, 76 வாட்லயே விட்டுட்டேன், ஏன்னா கேம்ல இந்த ப்ராசஸர் 50, 60 வாட்ட தாண்டுறதே கம்மி, லிமிட்ட 142-ஆ மாத்தி என்ன ஆகப்போகுது, பி450 மாதிரி பட்ஜெட் போர்டுல ப்ராசஸருக்கு கரண்ட் குடுக்குற விஆர்எம் தான் கொதிக்கும். பூஸ்ட் க்ளாக் ஓவர்ரைடுல 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டுனேன். டப்பால 4.4 ஜிகாஹெர்ட்ஸ்னு போட்டிருந்தாலும் சும்மா விட்டா 4.45 வரைக்கும் தொடும், அது 4.65 வரைக்கும் போக ஆரம்பிச்சுது. அப்புறம் கர்வ் ஆப்டிமைசர். இது தான் உருப்படியான விஷயம். ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ்னு கம்பெனி ஒரு கோடு போட்டு வச்சிருக்கும், எல்லா சிப்புக்கும் பொதுவா பாதுகாப்புக்கு கொஞ்சம் கூடவே வச்சிருக்கும். அந்தக் கோட்ட மொத்தமா கீழ எறக்குறது தான் நெகட்டிவ் ஆஃப்செட். ஒரு எண்ணுக்கு சுமார் 3லருந்து 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் கொறைஞ்சா சூடு கொறையும், சூடு கொறைஞ்சா பூஸ்ட் இன்னும் கொஞ்ச நேரம் மேல நிக்கும். அதாவது வோல்டேஜ கொறைச்சா வேகம் கூடுது, பழைய ஓவர்க்ளாக் பழக்கத்துக்கு அப்படியே எதிர்.

யூடியூப்ல பாத்துட்டு எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டேன். சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடுச்சு, கேம் மூணு நாள் ஓடுச்சு, ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன். நாலாவது நாள் ராத்திரி ஒண்ணும் பண்ணாம ப்ரவுசர் மட்டும் தொறந்து வச்சிருக்கேன், டபுக்குனு ரீஸ்டார்ட். ஈவென்ட் வியூவர்ல போய் பாத்தா டபிள்யூஹெச்இஏ லாகர், ஈவென்ட் 18, அதாவது ஹார்டுவேர் தப்பு பண்ணியிருக்குன்னு அர்த்தம். இத நல்லா புரிஞ்சுக்கணும், அண்டர்வோல்ட் அதிகமாயிருச்சுன்னா அது ஃபுல் லோடுல மாட்டாம சும்மா இருக்கும்போது தான் நிறைய மாட்டும். ஆறு கோரும் சேந்து உழைக்கும்போது க்ளாக் கொஞ்சம் எறங்கியே இருக்கும். ஒத்தை கோருக்கு மட்டும் சின்ன வேலை வரும்போது தான் அது உச்ச க்ளாக்குக்கு தாவும், அந்த உச்சத்துல தான் நாம கொறைச்ச வோல்டேஜ் பத்தாமப் போகும். அதனால சினிபெஞ்ச் பாஸ்ங்கறது இதுக்கு ஒரு சான்றே இல்ல.

அதுக்குன்னே கோர்சைக்ளர்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, ப்ரைம்95-ஐ ஒரு நேரத்துல ஒரே ஒரு கோர்ல மட்டும் ஓட்டி எந்த கோர் தப்பு பண்ணுதுன்னு சொல்லிரும். ராத்திரி ஓட விட்டுட்டு தூங்குங்க, காலைல பாருங்க, தோத்த கோருக்கு அஞ்சு எண்ணு திருப்பி ஏத்துங்க, மறுபடி ஓட்டுங்க. எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ஏஎம்டியோட ரைசன் மாஸ்டர் சாஃப்ட்வேர்ல நட்சத்திரமும் புள்ளியும் போட்டு காட்டுற ரெண்டு நல்ல கோர் தான் கம்மியா தாங்குச்சு, அதுங்களுக்கு ஏற்கனவே கம்பெனியே வோல்டேஜ இறுக்கி வச்சிருக்கும்ல. அந்த ரெண்டுக்கும் மைனஸ் 8, மைனஸ் 10, மத்த நாலுக்கும் மைனஸ் 22. உங்க சிப் வேற, என் நம்பர அப்படியே போடாதீங்க. மைனஸ் 10-ல ஆரம்பிங்க.

இத்தனை பாடுபட்டு என்ன கெடைச்சுது? கவுன்டர் ஸ்ட்ரைக்ல சராசரி 250, ஒன் பர்சென்ட் லோ 112. அதாவது 105-லருந்து 112. எந்த செட்டிங்னு சொல்லாம விளையாட விட்டா எது எதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா டெம்பரேச்சர் இன்னும் அஞ்சாறு டிகிரி எறங்கிருச்சு, ஏசி இல்லாத ரூம்ல அது எனக்கு எஃப்பிஎஸ்ஸ விட பெருசு. சைபர்பங்க் 2077-ல ஒரு வித்தியாசமும் இல்ல, ஏன்னா அங்க கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்துல முட்டிக்கிட்டு நிக்குது, ப்ராசஸர் அதுக்காக காத்துக்கிட்டிருக்கு. இத கண்டுபிடிக்க சுலபமான வழி, கேம்ல ரெசல்யூஷன கொறைச்சு பாருங்க, எஃப்பிஎஸ் ஏறுனா தடை கிராபிக்ஸ் கார்டு, ஏறவே இல்லன்னா ப்ராசஸர். முதல் வகைன்னா ப்ராசஸர் செட்டிங்ல ஒரு மணி நேரம் கூட செலவு பண்ணாதீங்க.

எல்லா கோரையும் 4.6-னு பூட்டி 1.35 வோல்ட் குடுக்குற பழைய பாணி ஓவர்க்ளாக்கும் ஒரு நாள் பண்ணிப் பாத்தேன், சூடு தான் மிச்சம், அன்னிக்கே எடுத்துட்டேன். இந்த தலைமுறைல ப்ராசஸரே நொடிக்கு நொடி கணக்கு பண்ணி பூஸ்ட் பண்ணுது, அத நாம கைல பூட்டுறதுல அர்த்தம் இல்ல.

இப்ப கோவமா ஒரு விஷயம். தமிழ்லயே எத்தனையோ வீடியோல இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காங்க, எம்எஸ்கான்ஃபிக் தொறந்து பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்ல 12 செலக்ட் பண்ணா ஃபுல் பவர் வரும்னு. பொய். விண்டோஸ் எப்பவுமே எல்லா கோரையும் எடுத்துக்குது, அந்த பெட்டி கோர கொறைக்கறதுக்கு, சோதனை பண்றவங்களுக்காக வச்சது. பசங்க அத நம்பி 4 செலக்ட் பண்ணிட்டு, அப்புறம் மறந்துட்டு, கம்ப்யூட்டர் ஸ்லோன்னு கடைக்கு தூக்கிட்டு போறாங்க. அதே மாதிரி டாஸ்க் மேனேஜர்ல கேமுக்கு ரியல்டைம் ப்ரையாரிட்டி குடுக்கறது, மவுஸும் சத்தமும் கேமுக்கு பின்னாடி வரிசைல நிக்க வேண்டியதா போயிரும். டைமர் மாத்துற கமாண்ட கமாண்ட் ப்ராம்ப்ட்ல போட்டு விண்டோஸ ஹெச்பிஇடிங்கற பழைய டைமர பயன்படுத்த கட்டாயப்படுத்துறதும் அப்படித்தான், நல்லா ஓடுறதையும் கெடுக்கும். எஃப்பிஎஸ் பூஸ்டர்னு பேரு வச்ச எக்ஸ்இ ஃபைல் எதையும் இறக்காதீங்க, தயவுசெஞ்சு, அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் பக்கம் நெஜமா வேலை செய்யறது ரெண்டு மூணு தான். ஏஎம்டி சைட்லருந்து சிப்செட் டிரைவர். பவர் ப்ளான் பேலன்ஸ்டே போதும். விண்டோஸ் 11 வச்சிருந்தா 24ஹெச்2 வெர்ஷனுக்கோ அதுக்கு அப்புறம் வந்ததுக்கோ வந்துருங்க, அதுல ப்ராசஸர் அடுத்து என்ன வரும்னு முன்கூட்டியே ஊகிக்குற ப்ராஞ்ச் ப்ரெடிக்ஷன் சம்பந்தமான திருத்தம் ஜென் 3-க்கும், அதாவது 5600-ஓட தலைமுறைக்கும், சேத்து இருக்கு. மெமரி இன்டெக்ரிட்டிய ஆஃப் பண்ணா சில கேம்ல கொஞ்சம் கூடும், அத மைக்ரோசாஃப்டே கேமர்ஸுக்கு சொல்லியிருக்கு, ஆனா அது பாதுகாப்புக்கு இருக்குற பூட்டு, பேங்க் வேலையும் அதே கம்ப்யூட்டர்ல பாக்குறதால நான் ஆன்லயே வச்சிருக்கேன்.

இன்டெல் வச்சிருக்குறவங்களுக்கும் ஒரு வரி. 13, 14-ஆவது தலைமுறை கோர் ஐ7, ஐ9 மாதிரி ப்ராசஸர் வச்சுக்கிட்டு கேம் திடீர்னு க்ராஷ் ஆகுதுன்னா செட்டிங்ஸ நோண்டறதுக்கு முன்னாடி பயாஸ் அப்டேட் போடுங்க. வோல்டேஜ் தேவைக்கு மேல போய் சிப் காலப்போக்குல கெட்டுப்போற பிரச்சனைய இன்டெல் 2024-ல ஒத்துக்கிட்டு ஆகஸ்ட்லருந்து மைக்ரோகோட் திருத்தம் குடுத்திருக்கு, வாரன்டியும் ரெண்டு வருஷம் நீட்டியிருக்கு. அங்க பவர் லிமிட்ட தூக்கி விடுற வேலையே வேண்டாம்.

அப்ப 5600 வாங்கலாமா? ஏஎம்4 போர்டு ஏற்கனவே இருந்து, 1600, 2600, 3600-ல இருக்கீங்கன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். புதுசா மொத்தமா கட்டுறீங்கன்னா ஒரு தடவ யோசிங்க, இந்த சாக்கெட்ல இதுக்கு மேல போறதுக்கு வழி கொஞ்சம் தான், 5700எக்ஸ்3டியோ 5800எக்ஸ்3டியோ நியாயமான விலைல கெடைச்சா அதான் கடைசி ஸ்டாப், அதுல 96 எம்பி கேஷ் இருக்குறதால நான் ரேம்ல பட்ட பாடு கூட கம்மியாத்தான் தெரியும். கார்டு ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 அளவுல இருக்கு, மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்னா, 5600 போதும். அரை ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா டப்பாவோட வர்ற கூலர் நம்ம ஊர் வெயிலுக்கு பத்தல, அந்த ரெண்டாயிரத்தையும் சேத்து தான் விலைய கணக்கு போடணும்.

கடைசியா ஒண்ணு, பயாஸ் அப்டேட் பண்ணா எக்ஸ்எம்பி, கர்வ், ஃபேன் செட்டிங் எல்லாமே அழிஞ்சுரும். ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நான் கர்வ் செட் பண்ணது மார்கழி மாசம், ரூம் 24 டிகிரி இருந்துச்சு. வெயில் ஏறுனதும் மறுபடி ஒரு ராத்திரி கோர்சைக்ளர் ஓட்டிப் பாத்தேன், ஒரு கோர் தோத்துச்சு, அத மட்டும் மைனஸ் 22-லருந்து மைனஸ் 17-க்கு ஏத்தி விட்டேன். அதுலருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு ரீஸ்டார்ட் கூட இல்ல.